பத்தாங் காலியையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூலை 31 வீரர்கள் தினத்தை ஒட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலத்தைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுடப்பட்டது, 1951-இல் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி பிரேசர்மலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டது, அடுத்து வந்த டெம்ப்ளர் எல்லாவற்றையும் மாற்றியது, 1960-இல் அவசரகாலம் முடிந்தது என்று வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள். "மக்கள் மனங்களை வென்ற போர்" என்று தலைப்பு. சிலாங்கூரில் இருக்கும் பத்தாங் காலி என்ற ஊரின் பெயர் கட்டுரையில் எங்கும் இல்லை. இரண்டாம் முறை படித்ததே அந்தப் பெயரைத் தேடித்தான்.

எனக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. உலு சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் மரம் சீவியவர்கள். அவசரகாலம் முடிந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதனால் கடைசிச் சில வருடங்களை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தையதை அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். மீதியைப் பிற்பாடு படித்தேன். இந்தக் கடிதத்தில் மூன்றும் கலந்திருக்கும்.

இன்றைய பிள்ளைகளிடம் பத்தாங் காலி என்றால் கெந்திங் மலைக்குப் போகும் பாதை என்பார்கள். 2022 டிசம்பரில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த 31 பேர் மண்சரிவில் இறந்தார்களே, அந்த ஊரா என்றும் கேட்பார்கள். அதே டிசம்பர் மாதத்தில், 1948-இல், அங்கே 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது பிரிட்டிஷ் இராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவு. இறந்தவர்கள் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. எல்லோரும் சீனர்கள், தோட்டத்தில் வேலை பார்த்து அங்கேயே குடும்பத்தோடு குடியிருந்தவர்கள்.

நடந்ததை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் தமிழில் இதை யாரும் விவரமாக எழுதி நான் பார்த்ததில்லை. டிசம்பர் 11-ஆம் தேதி 14 பேர் கொண்ட ரோந்துப் படை அந்தக் குடியிருப்புக்குள் நுழைந்தது. தலைமை தாங்கியவர்கள் இரண்டு லான்ஸ் சார்ஜண்டுகள். மேலதிகாரி யாரும் கூட இல்லை. ஆண்களைத் தனியாகவும் பெண்கள் பிள்ளைகளைத் தனியாகவும் பிரித்து அடைத்தார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யார் சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டு, சுடப்போவதுபோலக் காட்டி மிரட்டினார்கள். அன்று இரவே ஓர் இளைஞரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் காலையில் பெண்களையும் பிள்ளைகளையும் பயத்தில் நிலைகுலைந்துபோன ஓர் ஆளையும் லாரியில் ஏற்றினார்கள். மிச்சமிருந்த 23 ஆண்களும் சில நிமிடங்களில் இறந்தார்கள். அப்புறம் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள்.

மறுநாள் பத்திரிகைகளில் அவசரகாலம் தொடங்கியதிலிருந்து கிடைத்த மிகப் பெரிய வெற்றி என்று செய்தி வந்தது. செத்தவர்கள் கொள்ளைக்காரர்களாம். பிறகு அதை மாற்றி, பிடிபட்டவர்கள் தப்பி ஓடினார்கள், அதனால் சுட வேண்டியதாயிற்று என்று அரசாங்கம் சொன்னது. 23 பேர் ஓடினால் ஒருவராவது காயத்தோடு விழுந்து கிடந்திருக்க மாட்டாரா? ஒருவராவது காட்டுக்குள் தப்பியிருக்க மாட்டாரா? காடும் மேடும் தெரிந்த ஆட்கள் அவர்கள். இந்தக் கேள்வியை என் அம்மா கேட்பார். பள்ளிக்கூடம் போகாதவர், ஆனாலும் அந்தக் கதையில் எது இடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. மலாயாவின் அட்டர்னி ஜெனரல் 1949-இல் விசாரித்துவிட்டு, தவறு எதுவும் நடக்கவில்லை என்று முடித்துவிட்டார். அதே ஜனவரியில் அவசரகால விதிகளில் ஒரு புதிய விதியைச் சேர்த்தார்கள். தப்பி ஓடுபவரைச் சுடலாம் என்று அதிகாரம் கொடுத்த விதி அது. அதற்கு முன்னால் நடந்தவற்றுக்கும் பொருந்தும்படி எழுதினார்கள்.

எங்கள் லயத்துக்கு ஒரு சீனப் பாட்டி சைக்கிளில் கீரை விற்க வருவார். சவி, கங்கோங், சில நாள் பரங்கிக்காய். அம்மாவோடு மலாயில் பேசுவார், நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். டிசம்பரில் மட்டும் இரண்டு மூன்று நாள் வரமாட்டார். ஏன் என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். 1970-ஆம் வருடம், நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, லண்டனில் 'தி பீப்பிள்' என்ற ஞாயிறு பத்திரிகை இந்த விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. அந்த ரோந்தில் இருந்த சிப்பாய்கள் சிலரே வாக்குமூலம் கொடுத்தார்கள். யாரும் ஓடவில்லை, நிற்கவைத்துச் சுட்டோம், உத்தரவு அப்படி என்று சத்தியம் செய்து சொன்னார்கள். இருபது வருடம் மனதில் வைத்துப் புழுங்கியிருக்கிறார்கள். அந்தச் செய்தி இங்கே பத்திரிகையில் வந்தபோது நான் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் சொன்னார், கீரைக்காரப் பாட்டியின் தம்பி அந்த 24 பேரில் ஒருவர் என்று. அத்தனை வருடம் தெரிந்தே இருந்திருக்கிறார். "வெளியே பேசினா லாரி வரும்" என்பதுதான் அந்தக் காலத்துப் பேச்சாம். லாரி வந்தால் எங்கே கொண்டுபோவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கம்யூனிஸ்டுகள் செய்ததையும் மறைக்க வேண்டியதில்லை. அவசரகாலத்தில் இறந்த பொதுமக்கள் சுமார் 2,500 பேரில் பெரும்பாலோர் அவர்கள் கையால் செத்தவர்கள்தாம். பக்கத்துத் தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த தண்டல் ஒருவரை இரவில் கூட்டிப்போய்க் கொன்றார்கள். அவருடைய மனைவி பிறகு எங்கள் தோட்டத்துக்கு வந்து வேலை பார்த்தார், அவர் பிள்ளையும் நானும் ஒன்றாகப் படித்தோம். தோட்டத் தொழிலாளிகளின் அடையாள அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தது, ரப்பர் மரங்களை வெட்டிப்போட்டது எல்லாம் நடந்தது. அந்தப் பயத்தையும் அம்மா சொல்லியிருக்கிறார். அதை உங்கள் கட்டுரை சரியாகவே எழுதியிருந்தது.

என் வருத்தம் அந்த இன்னொரு பயத்தைப் பற்றியது. சீருடை போட்டவர்களிடம் இருந்த பயம். மனங்களை வென்றது என்று எழுதும்போது அந்த மனங்களில் என்ன இருந்தது என்று கேட்டிருக்க வேண்டாமா?

நானே பார்த்ததைச் சொல்கிறேன். விடியற்காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும் அம்மா காண்டா என்ற தோள்கழியையும் வாளிகளையும் தூக்கிக்கொண்டு தோட்டத்து கேட்டில் வரிசையில் நிற்பார். சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது, காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று தடை. பெண்களைச் சோதிக்கப் பெண் காவலர் இருப்பார். தலைத்துணியை அவிழ்க்கச் சொல்வார்கள், வாளிக்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். மூன்று மணிக்கு எழுந்து, பதினோரு மணிவரைக்கும் வெறும் வயிற்றில் மரம் சீவி, பால் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வரவேண்டும். கடையில் மீன் டின் வாங்கினால் கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், எடுத்துச் சேர்த்துவைக்க முடியாதபடி. நாங்கள் பிள்ளைகள், ஓட்டை டின்தான் டின் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தோம். அரிசிக்கு அளவு, நடமாட்டத்துக்கு நேரம், லயத்தைச் சுற்றி முள்கம்பி. தூரத்தில் தனித்தனியாக இருந்த லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டினார்கள். சீனக் குடியானவர்கள் நிலை இன்னும் மோசம். 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் 5 லட்சம் பேரைக் கிளப்பி 400-க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் வைத்தார்கள். விடிவதற்குள் இராணுவம் சுற்றி வளைக்கும், கையில் எடுத்ததை எடுத்துக்கொண்டு லாரியில் ஏற வேண்டும், பின்னால் வீடு எரியும்.

1952-இல் தஞ்சோங் மாலிமில் நடந்ததை உங்கள் கட்டுரை "டெம்ப்ளரின் கண்டிப்பு" என்று ஒரே வரியில் முடித்திருந்தது. தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போனவர்கள் பதுங்கித் தாக்கப்பட்டு 12 பேர் இறந்ததற்காக, ஊரிலிருந்த அத்தனை பேருக்கும் ஒரு நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு. மிச்சம் இரண்டு மணி நேரத்தில் கடைக்குப் போய்வர வேண்டும். அரிசிப் பங்கைக் குறைத்துவிட்டார்கள். என் சின்னம்மா அப்போது அங்கே கைக்குழந்தையோடு இருந்தார். பால் வற்றிப்போய், குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்ததை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் வீடுவீடாகக் காகிதம் கொடுத்து, யாரைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்களாம். சின்னம்மாவுக்கு எழுதத் தெரியாது. வெள்ளைக் காகிதத்தையே மடித்துப் பெட்டியில் போட்டாராம், அதற்கும் பயந்து பயந்து.

கோலகுபு பாருவில் போலீஸ் நிலையத்துக்கு முன்னால், காட்டில் சுடப்பட்டவர்களின் உடல்களை வரிசையாகப் போட்டு வைத்திருந்ததை அம்மா பார்த்திருக்கிறார். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அடையாளம் சொல்ல வேண்டும் என்று. யாராவது அழுதுவிட்டால் அவர்களையும் பிடிப்பார்கள் என்பதால், பக்கத்தில் நிற்பவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடந்துபோவார்களாம். இதைவிடக் கொடுமையாக, காட்டில் சுடப்பட்டவர்களின் தலையை வெட்டிக் கொண்டுவந்து அடையாளம் பார்த்ததும் நடந்தது. 1952-இல் லண்டனில் 'டெய்லி வொர்க்கர்' பத்திரிகை அப்படி வெட்டப்பட்ட தலையின் புகைப்படத்தை அச்சிட்டது. படம் பொய் என்று முதலில் சொன்னார்கள், பிறகு உண்மைதான் என்று அரசாங்கமே நாடாளுமன்றத்தில் ஒத்துக்கொண்டது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் தங்கள் கதையும் இருக்கிறது. ரவாங்குக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில்தான் எஸ்.ஏ. கணபதியைப் பிடித்தார்கள், 1949 மார்ச்சில். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர், நேதாஜியின் படையில் இருந்தவர். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். நேரு அரசாங்கம் கேட்டும் விடவில்லை. அதற்கு முந்தின நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனனைத் துருப்புகள் சுட்டுக் கொன்றன. இவர்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுகிறீர்கள், நன்றி. பத்தாங் காலியில் செத்தவர்கள் சீனர்கள் என்பதால் அது சீனப் பத்திரிகைகளின் வேலை என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அதே மரம், அதே பால், அதே கத்தி. அவர்கள் குடியிருந்த தோட்டமும் ஒரு துரையின் தோட்டம்தான்.

நீதிமன்றக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970-இல் சிப்பாய்கள் வாக்குமூலம் கொடுத்ததும் பிரிட்டனின் அப்போதைய தற்காப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி விசாரணைக்கு உத்தரவிட்டார். ஜூனில் அங்கே ஆட்சி மாறியது, ஆதாரம் போதாது என்று விசாரணையை நிறுத்திவிட்டார்கள். லண்டன் போலீஸ்காரர்கள் மலேசியாவுக்கு வரவே இல்லை. 1993-இல் உயிரோடிருந்த பெண்கள் நம் நாட்டுப் போலீசில் புகார் கொடுத்தார்கள், அதுவும் 1997-இல் முடிக்கப்பட்டது. குடும்பத்தார் விடவில்லை, லண்டன் வரைக்கும் வழக்கை எடுத்துப் போனார்கள். 2015 நவம்பர் 25-ஆம் தேதி பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காரணம் நாள் கணக்கு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குத் தனிமனிதர்கள் முறையிடும் உரிமையை பிரிட்டன் 1966-இல்தான் ஏற்றுக்கொண்டது, இறப்புகள் அதற்கு மிகவும் முந்தியவை, ஆகவே விசாரணை நடத்தும் கடமை இல்லை என்றார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கொலைகள் சட்டவிரோதமானவை என்றே பின்னால் வந்த சாட்சியங்கள் காட்டுகின்றன என்று அந்த நீதிபதிகளே எழுதினார்கள். குற்றமற்ற ஆட்கள் இரக்கமில்லாமல் கொல்லப்பட்டார்கள் என்றுதான் கிடைத்திருக்கிற சாட்சியங்கள் மிகப் பெரும்பாலும் சொல்கின்றன என்று ஒரு நீதிபதி எழுதினார். ஐந்து பேரில் ஒரே பெண் நீதிபதியான லேடி ஹேல் குடும்பத்தார் பக்கம் நின்றார். 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது. இதுவரை எந்தச் சிப்பாய் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை.

கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராட்டத்தின்போது முகாம்களில் சித்திரவதைப்பட்ட 5,228 பேருக்கு 2013-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தந்தது. அந்த வழக்கு நடந்தபோதுதான் பல காலனிகளிலிருந்து இரகசியமாகக் கொண்டுபோய் வைத்திருந்த கோப்புகள் வெளியே வந்தன. மலாயாவின் கோப்புகளில் பல 1957-இல் சுதந்திரத்தை ஒட்டி லாரியில் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குப் போய் உலையில் எரிந்துவிட்டன. காகிதம் எரிந்துபோன இடத்தில் மனிதர்களின் ஞாபகம்தான் சாட்சி. அந்த மனிதர்களும் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். என் அம்மா போய்விட்டார், சின்னம்மா போய்விட்டார், கீரைக்காரப் பாட்டி எப்போதோ போய்விட்டார். நானே கடைசி வரிசையில் நிற்கிறேன்.

போன வருடம் பேத்தியோடு ஈப்போவுக்குப் போயிருந்தேன். வழியில் பத்து காஜாவில் இருக்கும் அந்தச் சிறிய கல்லறைத் தோட்டத்தில் இறங்கினோம். சுங்கை சிப்புட்டில் கொல்லப்பட்ட துரைமார்களும், அவசரகாலத்தில் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களும் அங்கே இருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, தேதி, வயது. 19, 20, 21. கட்டாய இராணுவச் சேவைக்குப் பிடித்து அனுப்பப்பட்ட பையன்கள் பலர். வாழ்க்கையில் ஒரு ரப்பர் மரத்தைப் பார்த்திராதவர்கள். என் கடைசிப் பேரனுக்கு அந்த வயதுதான். பேத்தி ஒவ்வொரு கல்லாகச் சத்தமாக வாசித்துக்கொண்டே நடந்தாள், நான் கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். அவர்களுக்காகவும் நான் அழுதேன், இதை எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. வருடா வருடம் ஜூன் மாதம் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள், வைக்கத்தான் வேண்டும்.

திரும்பி வரும்போது உலு யாம் பாருவுக்குப் போகச் சொன்னேன். பத்தாங் காலியில் செத்தவர்கள் அங்கே சீனர் மயானத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். உடல்களை உடனே எடுக்க விடவில்லை, ஒரு வாரம் கழித்துத்தான் குடும்பத்தார் போய் எடுத்தார்கள். பேத்திக்குச் சீன எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. பத்து காஜாவில் சத்தமாகப் படித்தவள் இங்கே கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவுங்க பேர் என்ன பாட்டி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தனை வருடம் அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன், ஒரு பெயரும் தெரியாது.

அதனால் ஐயா, உங்களிடம் கேட்பது இதுதான். வருகிற டிசம்பர் 12-ஆம் தேதி இதழில் அந்த 24 பேரின் பெயர்களையும் தமிழில் அச்சிடுங்கள். பெரிய கட்டுரை வேண்டாம், கால் பக்கம் போதும். இன்னொன்று, அவசரகாலத்தைக் கண்ட தோட்டத்துப் பெரியவர்கள் இன்னும் சில பேர் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். கோலகுபு பாருவில் ஒருவருக்குத் தொண்ணூற்று நாலு வயது, காது கேட்காது, ஆனால் லாரி நம்பர் முதற்கொண்டு சொல்கிறார். உங்கள் நிருபர் ஒருவர் ரெக்கார்டரோடு வந்தால் நான் கூட்டிப்போகிறேன்.

பெயர்களுக்கு நானே ஆரம்பித்துவிட்டேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சீன ஆசிரியை சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதுகிறேன். சில ஒலிகளுக்கு நம்மிடம் எழுத்து இல்லை, அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார், நான் அழித்து அழித்து எழுதுகிறேன். இதுவரை பதினொன்று முடிந்திருக்கிறது. நவம்பர் கடைசிக்குள் மீதியையும் முடித்து உங்களுக்குத் தபாலில் அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
உலு சிலாங்கூர்.